டெக்கும் பாஷாணமும்

அமெரிக்கா, கனடாவில் வீடு வாங்கிய நம் மக்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்தால் வீட்டைவிட அதன் பின்பக்கத்து டெக்தான் அதிகம் இருக்கும். ஊரில் இருக்கும் உறவுகளுக்காக ஒரு விளக்கம்: டெக் என்பது நம் திண்ணை மாதிரிதான். ஆனால் மரத்தில் செய்தது, மேலே கூரை கிடையாது. வெயில், மழை, பனி எல்லாம் அதன் தலையில்தான் விழும்.

வெட்டவெளியில் மரத்தைப் போடும் வழக்கம் நம் பக்கம் இல்லை. நான் பிழைக்க வந்த இந்த பெங்களூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் திப்புவின் கோடை அரண்மனை. ஹைதர் அலி 1781-ல் ஆரம்பித்து, திப்பு 1791-ல் முடித்தது. பெரும்பகுதி தேக்கு. அந்தத் தூண்கள் நேராகத் தரையில் நிற்பதில்லை, கல் பீடத்தின் மேல் நிற்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலும் இதையே பார்க்கலாம். மரத்துக்குக் காலடியில் கல், தலைக்கு மேல் கூரை. ஈரம் ஏறாது, கரையானும் சட்டென்று ஏறாது. இருநூறு வருஷத்துக்கு மேல் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கூரையும் இல்லை, தேக்கு வாங்கப் பணமும் இல்லை என்றால்? அதற்கு விடை கண்டவர் ஒரு இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த சொண்டி காமேசம், 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கரைசல் செய்தார். செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்செனிக், அதாவது நம் பாஷாணம், கரையானைக் கொல்லும். அதற்கு முன் இருந்த உப்புக் கரைசல்கள் நாலு மழையில் கரைந்து போய்விடும். குரோமியம்தான் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைத்தது. (நான் பி.காம். ஆசாமி. கெமிஸ்ட்ரி எனக்கு இந்த அளவுதான்.) 1938-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. சுருக்கமாக சி.சி.ஏ. என்பார்கள்.

தந்திக் கம்பம், டெலிபோன் கம்பம் என்று போன இந்த மருந்து, 1970களில் இருந்து அமெரிக்க வீடுகளின் டெக்குக்குள் பெரிய அளவில் நுழைந்தது. மலிவான பைன் மரம் பல பத்தாண்டு நின்றது. குழந்தைகளின் ஊஞ்சல், சறுக்கு மரம்கூட இதில்தான் செய்தார்கள். ஆனால் பிணைப்பு முழுமையானது அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக ஆர்செனிக் மேல்பரப்புக்கும், கீழே உள்ள மண்ணுக்கும் வந்தது. 2002-ல் தயாரிப்பாளர்கள் விலகிக்கொள்ளச் சம்மதித்தார்கள். 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்கு இந்த மரம் பெரும்பாலும் தயாரிக்கப்படவில்லை. கனடாவிலும் அப்படியே.

அந்த இடத்தில் விறுவிறுவென்று வளர்ந்ததுதான் காம்போசிட் டெக். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்த பலகை. மோபில் எண்ணெய் கம்பெனியிடம் இருந்த அந்தத் தொழிலைப் பிரித்து வாங்கி, 1996-ல் டிரெக்ஸ் என்ற கம்பெனி உருவானது. பழைய பிளாஸ்டிக் பைகளும் அதில் போகின்றன. இங்கே பெங்களூரிலும் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938-ல் மைசூர் சமஸ்தானத்தின் ஆய்வுக்கூடமாகப் பிறந்தது. மரமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலவைகளில் அவர்களும் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

இத்தனை சரித்திரம் எதற்கு என்றால், என் மனைவியின் தம்பி கனடாவில் 1990களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கியிருக்கிறார். போன வாரம் போனில், "அத்தான், பழைய டெக் பலகையை எல்லாம் கழற்றிட்டு காம்போசிட் போடப் போறேன். கழற்றின பலகையில பாத்தி கட்டி கீரை, வெண்டைக்காய் போடலாம்னு இருக்கேன். மிச்சத்தை எரிச்சிடலாம்" என்றார்.

இரண்டும் கூடாது. எரித்தால் ஆர்செனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். பாத்தி கட்டினால் மண்ணுக்கு வரும், அந்த மண்ணில்தான் நம் கீரை வளரும். உங்கள் டெக் 2004-க்கு முந்தையது என்றால் சி.சி.ஏ. மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுத்தால் முகமூடி போட்டு, தூளைக் கூட்டி அள்ளுங்கள். ஊர் நகராட்சியிடம் கேட்டு அவர்கள் சொல்கிற இடத்தில் கொண்டு போய்ப் போடுங்கள். மாற்ற வசதியில்லை என்றால் பதற வேண்டாம். வருஷம் ஒரு முறை மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு அடித்தால் ஆர்செனிக் வெளியே வருவது குறையும். குழந்தைகள் விளையாடிவிட்டு வந்தால் கை கழுவ வையுங்கள்.

இன்னொன்று. காம்போசிட் போட்டாலும் பெரும்பாலும் மேல் பலகை மட்டும்தான் புதிது. அடியில் தாங்கும் சட்டம் மரம்தான். பழைய சட்டத்தின் மேலேயே புதுப் பலகையை அடித்துத் தருகிறேன் என்று காண்ட்ராக்டர் சொன்னால், அது எந்த வருஷத்துச் சட்டம், உளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்துக்கு வருவோம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். பலகை இடுக்கில் இலையும் அழுக்கும் அடைத்து ஈரம் தேங்கினால், அதுதான் வில்லன். அதனால் பனி விழுவதற்கு முன்பே இடுக்குகளைச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். பனியை அள்ள பிளாஸ்டிக் மண்வெட்டி போதும், இரும்பு வேண்டாம். பலகையின் நீளவாக்கில் தள்ளுங்கள். வழுக்காமல் இருக்க உப்பு போட்டால், பனி உருகியதும் கழுவிவிடுங்கள். மணல் தூவினால் கீறல் விழும். பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டிருப்பது வேலைக்காரர் கஞ்சத்தனம் அல்ல. பிளாஸ்டிக் குளிரில் சுருங்கும், வெயிலில் நீளும், அதற்குத்தான்.

பெங்களூரில் பனி பிரச்சினை இல்லை. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884-ல். இங்கே எதிரி செப்டம்பர், அக்டோபர் மழை. அபார்ட்மெண்ட் பால்கனியில் காம்போசிட் போடுகிறவர்கள் அடியில் தண்ணீர் ஓட வழி விடுங்கள். அந்தக் காலத்துக் கல் பீடம் செய்த வேலைதான் இது. மரமோ பிளாஸ்டிக்கோ, கால் நனைந்துகொண்டே இருந்தால் எதுவும் நிலைக்காது.

மச்சினர் இப்போது கீரைக்குப் புதுப் பலகை வாங்கிவிட்டாராம்.