குடும்பத்தோடு பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம்

கறுப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவைப் படத்தை வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்ப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் போலத் தோன்றுகிறது. ஆனால் இந்த வழக்கம் அந்தப் படங்களைவிட இளையது. 1955 பொங்கலுக்கு ‘மிஸ்ஸியம்மா’ வந்தபோது, மாமல்லபுரத்தைச் சூழ்ந்த செங்கல்பட்டுக் கடலோரம் போன்ற ஊர்ப்புறங்களுக்குச் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட். பெரும்பாலான கொட்டகைகளில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி, நடுவே ஒரு தடுப்பு. ஒரே வீட்டிலிருந்து போனவர்கள் ஒரே படத்தைத் தனித்தனியே பார்த்துவிட்டு வந்தார்கள். பட்டணத்துத் தியேட்டர்களில் குடும்பங்கள் சேர்ந்தே உட்கார்ந்தன என்பது சரியான மறுப்புதான். ஆனால் அது பட்டணத்து வசதி. ஊர்ப்புற வீட்டை ஒரே திரையின் முன் கூட்டியது 1975 ஆகஸ்ட் 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியும் அதன் ஞாயிற்றுக்கிழமை மாலைப் படமும்தான். 1982 வரை ஒளிபரப்பே கறுப்பு வெள்ளை. ஈஸ்ட்மென் கலரில் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’கூட (1964) அந்தப் பெட்டிகளில் நிறமின்றித்தான் தெரிந்திருக்கும். ஆகவே நாம் ‘பழைய கறுப்பு வெள்ளைப் படம்’ என்று சொல்வதில் பாதி பெட்டியின் நிறம்.

இந்தப் படங்களில் ஆபாசம் இல்லை, அதனால் குடும்பத்தோடு பார்க்கிறோம் என்பார்கள். எனக்கு அது போதிய காரணமாகப் படவில்லை. எல்.வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’வின் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள்: ஜெமினி கணேசன் இந்து, மேரியாக வரும் சாவித்திரி கிறித்தவர், வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லி, மணமாகாமலே ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். இதை 1955-இன் அடக்கம் என்று எப்படிச் சொல்வது? படம் எல்லாருக்கும் பிடித்ததற்குக் காரணம், அந்தப் பொய் பெரியவர்களின் கண்ணெதிரே நடப்பதுதான். எஸ்.வி. ரங்காராவின் ஜமீன்தாரும் அவர் மனைவியும் அந்தத் தம்பதியைத் தம் பிள்ளைகளாகவே நடத்துகிறார்கள். பாட்டிக்கு ஜமீன்தாரின் மனைவி, பிள்ளைகளுக்குத் துப்பறிவாளர் தங்கவேலு, இளைஞர்களுக்குக் காதல் என்று திரையில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இருக்கிறார். பெரியவர்களுக்குத் தெரியாத அந்தப் பொய் பார்க்கும் நமக்குத் தெரியும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் புடைப்புச் சிற்பத்தில், கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைச் சுற்றி எலிகள் இருக்கின்றன. அது வேடம் என்று பார்ப்பவருக்குத் தெரியும், எலிகளுக்குத் தெரியாது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி கண்ட சிரிப்பும் இதே வகைதான்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மேரி, ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமி என்று முடித்து, மதம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் கதை நழுவிவிடுகிறது. சண்டை வரக்கூடிய இடம் இல்லாமற்போனதும் கூட்டாகப் பார்க்க உதவியிருக்கலாம். ஆனாலும் அது கதையின் துணிவைக் குறைத்ததே.

தொடக்க ஆண்டுகளில் பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையிலும் பஞ்சாயத்துப் பெட்டியின் முன்னும் தெருவே கூடியது. ‘குடும்பம்’ என்றால் அங்கே அண்டை வீட்டாரும்தான். 2006-இல் தமிழக அரசின் இலவசக் கலர் டிவி வரத் தொடங்கிய பிறகு அந்தக் கூட்டம் பெரும்பாலும் அவரவர் கூடத்துக்குள் பிரிந்தது.