ஷீலா ஷெர்லாக்கின் ஊசி

மருத்துவ வரலாற்றில் ஷீலா ஷெர்லாக்கைத் தேடினால் ‘முதல் பெண்’ என்ற அடைமொழிதான் முன்னால் வந்து நிற்கிறது. 1959இல் பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனார் என்பது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அவர் என்ன கண்டறிந்தார் என்பது மறைந்துபோகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுவே.

‘ஈரக்குலை நடுங்கிற்று’ என்று அச்சத்தை ஈரலில் வைத்துப் பேசுகிறோம் நாம். மருத்துவர்களுக்கோ நெடுங்காலம் ஈரல் பிணக்கூராய்வில் காணும் உறுப்பு. காமாலை வந்து பிழைத்தவரின் ஈரலுக்குள் என்ன நடந்தது? பித்தநாளத்தைச் சளி அடைத்திருக்கும் என்று ஊகித்தார்கள்.

1941இல் எடின்பரோவில் முதலிடம் பெற்றுத் தேறிய ஷெர்லாக்குக்கு, பெண் என்பதால் அங்கே பயிற்சி மருத்துவர் பணி கிடைக்கவில்லை. 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கையும் தோழியரையும் சேர்த்துக்கொண்டு, பிறகு பட்டம் தர மறுத்த அதே பல்கலைக்கழக நகரம்! லியர்மன்த் என்ற பேராசிரியர் தம் துறையில் இடம் கொடுத்தார். 1942இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்கு, ஜான் மக்மைக்கேலிடம் வந்தார்.

அது போர்க்காலம், காமாலை பரவியிருந்தது. விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி ஈரலிலிருந்து நூலளவு திசுவை எடுக்கும் முறை டென்மார்க்கிலிருந்து 1939இல் வெளிவந்திருந்தது. நோயாளி மூச்சை அடக்கிக் கிடக்கவேண்டும். கை நடுங்கக் கூடாது. அந்தத் திசுவை நுண்ணோக்கியில் படித்து டிபிள், மக்மைக்கேல், ஷெர்லாக் மூவரும் 1943இல் எழுதினார்கள்: சேதம் ஈரல் செல்களிலேயே இருக்கிறது. அப்போது ஷெர்லாக்குக்கு வயது 25.

1955இல் அவருடைய ஈரல் நோய்ப் பாடநூல் வந்தது. பிறகு ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பேராசிரியர் பதவி. அதன் மருத்துவப் பள்ளி, ஜெக்ஸ்-பிளேக் முன்னின்று 1874இல் பெண்களுக்காகத் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி ஷார்லீப் மேற்கொண்டு படிக்கப் போனதும் அங்கேதான்.

நடுவயதுப் பெண்களையே பெரிதும் தாக்கும் ஓர் ஈரல் நோய் உண்டு. ஓயாத அரிப்பு, பின்னர் காமாலை. பித்தநாள அடைப்பிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம் என்பதால், அடைப்பைத் தேடி வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். 1965இல் ஷெர்லாக், டெபோரா டோனியாக் உள்ளிட்ட குழு, இந்நோயாளிகளின் ரத்தத்தில் குறிப்பிட்ட எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியது. அதன்பின் ரத்தப் பரிசோதனையிலேயே நோயை இனங்காண முடிந்தது. எத்தனை பெண்கள் வீண் அறுவையிலிருந்து தப்பியிருப்பார்கள்!

ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது 2001இல்தான். அப்போது அவருக்கு வயது 83. அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார்.