காற்றுக்கும் வேலி

கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூரில், வேலி என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2006இல் போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்த மக்கள், தம் நிலத்திற்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். நிலத்தின் வேலி கண்ணுக்குத் தெரிந்தது. வானலைக்கு இடப்படும் வேலியோ தெரிவதில்லை. அது எழும்பும் முறையைப் பிரித்தானியாவின் மோட்டார்ப் பந்தய ஒளிபரப்பு நமக்குக் காட்டுகிறது.

பொதுமக்களின் கட்டணத்தில் இயங்கும் பி.பி.சி., ஃபார்முலா 1 பந்தயங்களை நேரடியாகக் காட்டிவந்தது. 2010இல் அக்கட்டணம் உயராதபடி அரசு நிறுத்திவைத்தது. செலவைக் குறைக்க நேர்ந்த நிலையத்திடம் 2012 முதல் பாதிப் பந்தயங்களே எஞ்சின. அனைத்தையும் நேரடியாகக் காட்டும் உரிமை சந்தாத் தொலைக்காட்சியான ஸ்கைக்குச் சென்றது. 2015இன் முடிவில் பி.பி.சி. முற்றாக விலகிற்று. 2019 முதல், பிரித்தானியப் பந்தயம் நீங்கலாக மற்றவற்றை நேரடியாகக் காணச் சந்தா செலுத்தியே தீரவேண்டும். பொது ஒளிபரப்புக்கென அந்நாட்டுச் சட்டம் காக்கும் போட்டிகளின் பட்டியலில் இப்பந்தயம் இடம்பெறவில்லை.

பணமுள்ளவன் பார்க்கட்டுமே என்பர் சிலர். இந்தியா வேறு விடை கண்டது. வானலைகள் பொதுச்சொத்து என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் பிரசார் பாரதியுடன் பகிரவேண்டும் என்ற சட்டம் 2007இல் பிறந்தது.

ஆகவே இது விதியன்று. பொது நிலையத்தின் வருவாயை முதலில் முடக்குவதும், பின்னர் அதனால் இயலாது என்பதும் ஒரே கையின் வேலை. இன்று போவது பந்தயந்தானே என்று நாம் வாளாவிருந்தால், நாளை செய்தியும் கல்வியும் வேலிக்கு அப்பால் நிற்கும். இழந்ததை மீட்க எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதைச் சம்பூர் அறியும்.