நாள் குறிக்கும் சட்டம்: கலிஃபோர்னியாவின் ஏ.பி. 418ஐ முன்வைத்து

2023 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் கீழவையில் ஜெசி கேப்ரியல் கொண்டுவந்த ஏ.பி. 418 என்ற மசோதாவில் ஐந்து வேதிப்பொருள்களின் பெயர் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டபோது நான்குதான் மிஞ்சின. ரொட்டி மாவை உப்பவைக்கும் பொட்டாசியம் புரோமேட், எலுமிச்சை, ஆரஞ்சு பானங்களில் மணம் பிரிந்து மிதக்காமல் பிடித்துவைக்கும் புரோமினேற்றிய தாவர எண்ணெய், கெடாமல் காக்கும் புரோப்பைல் பாரபென், மிட்டாய்க்குச் செர்ரிச் சிவப்பு தரும் 3ஆம் எண் சாயம் ஆகியவை அந்த நான்கு. வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு மேலவைத் திருத்தத்தில் கழன்றுகொண்டது. 2025 ஜனவரி என்றிருந்த நடைமுறை நாளும் 2027 ஜனவரி 1க்குத் தள்ளிப்போனது. 'ஸ்கிட்டில்ஸ் தடைச் சட்டம்' என்று ஏடுகள் பெயர் சூட்டிய மசோதா, சட்டமானபோது, அந்த வெண்பொருள் சேர்ந்த ஸ்கிட்டில்ஸ் மிட்டாயைத் தொடவே இல்லை.

இதை மிட்டாய்க் கம்பெனிகளின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. மக்கள் நலத்தின் வெற்றி என்று எழுதியவர்களும் உண்டு. இரு தரப்பும் பார்த்தது பொருள்களின் பட்டியலை. நான் பார்க்கச் சொல்வது நாளை. ஒரு மாநில உறுப்பினரின் நுகர்வோர் பாதுகாப்பு மசோதா புதிய நஞ்சு எதையும் கண்டுபிடிப்பதில்லை. வெளியேற்றலாம் என்று ஏற்கெனவே தெரிந்த, ஆனால் எப்போது என்று யாரும் சொல்லாத பொருளுக்கு அது நாள் குறிக்கிறது. அதன் பலம் அங்கேதான் இருக்கிறது, பலவீனமும் அங்கேதான்.

நாள் குறிக்க ஒருவர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பழைய கோப்புகளே போதும். 1970இல் அது புரோமினேற்றிய எண்ணெயைப் 'பொதுவாகப் பாதுகாப்பானது' என்ற பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் தடை செய்யவில்லை. பத்து லட்சத்தில் 15 பங்கு வரை சேர்க்கலாம் என்று இடைக்கால அனுமதி தந்தது. அந்த இடைக்காலம் 54 ஆண்டுகள் நீண்டது. 3ஆம் எண் சாயத்தின் கதை இன்னும் வேடிக்கை. புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டறிந்த எந்த நிறமூட்டியையும் அனுமதிக்கக் கூடாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நியூயார்க்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் டெலேனி 1958இல் உணவுச் சேர்மானங்களுக்காக நுழைத்த பிரிவின் வழிவந்த விதி அது. ஆண் எலிகளின் தைராய்டில் கட்டிகள் தென்பட்டதும், 1990இல் அழகுசாதனப் பொருள்களில் அந்தச் சாயத்துக்குத் தடை வந்தது. உணவில் தொடர்ந்தது. உதட்டில் பூசினால் குற்றம், அதே நிறத்தை விழுங்கினால் குற்றமில்லை என்ற நிலை முப்பதாண்டுக்கு மேல் நீடித்தது. பொட்டாசியம் புரோமேட்டுக்கு வந்தால், 1991 முதல் அதைத் தாமாகவே கைவிடும்படி பேக்கரிகளை நிர்வாகம் கேட்டுக்கொண்டது. எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லை.

மூன்று கோப்புகளிலும் அறிவியல் இருந்தது, அதிகாரமும் இருந்தது. இல்லாதது கெடு.

கலிஃபோர்னியாவில் மசோதா பிறக்கும் விதம் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாக இருக்கும். அங்கே ஆளுநரால் நேரடியாக மசோதா கொண்டுவர முடியாது. எல்லாமே உறுப்பினர் பெயரிலோ அவைக்குழுவின் பெயரிலோதான் வரும். கீழவையில் 80 பேர், மேலவையில் 40 பேர். 2023இல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மசோதாக்கள் ஆளுநர் மேசைக்குப் போயின. அவற்றில் 156ஐ அவர் நிராகரித்தார். இன்னொரு மரபும் உண்டு. ஒரு மசோதாவை முன்மொழிந்து ஆதரிக்கும் அமைப்பு 'ஸ்பான்சர்' என்று வெளிப்படையாகவே குறிக்கப்படும். ஏ.பி. 418க்குச் சுற்றுச்சூழல் பணிக்குழுவும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பும் ஸ்பான்சர்கள். உறுப்பினர் வெறும் கையெழுத்து போடுபவர்தானா என்று கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய கருத்து என்பது கோப்பிலேயே பதிவாகியிருப்பது, யார் எழுதிக் கொடுத்தது என்று கடைசிவரை தெரியாத மசோதாவைவிட நேர்மையானது.

பணக்குழுவைத் தாண்டுவதுதான் அங்கே பெரிய கண்டம். செலவு பிடிக்கும் மசோதாக்களை 'நிறுத்திவைப்புக் கோப்பு' என்ற அடுக்கில் போட்டு, விவாதமின்றியே அமுக்கிவிடுவது வழக்கம். ஏ.பி. 418 அந்தக் கண்டத்தைத் தாண்டும்படி மெலிதாக எழுதப்பட்டிருந்தது. புதிய துறை இல்லை, புதிய ஆய்வகம் இல்லை. மீறினால் முதல் முறை 5,000 டாலர் வரை, அடுத்தடுத்து 10,000 டாலர் வரை அபராதம். வழக்கு தொடுப்பவர்கள் அட்டர்னி ஜெனரலும் மாவட்ட, நகர வழக்கறிஞர்களும். உலகச் சந்தையில் விற்கும் கம்பெனிக்கு இந்தத் தொகை டீச் செலவு. பிறகு யார் பயப்படுவார்கள்? சட்டத்தின் வினைச்சொற்களைப் படித்தால் பதில் தெரியும். தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. கொண்டுசெல்லவோ கையிருப்பில் வைத்திருக்கவோ கூடாது என்கிறது. அதாவது கிடங்குக்காரரும் கடைக்காரரும் பொறுப்பாளிகள். சரக்கு எடுக்கும் பெரிய கடைகள் சப்ளையரிடம் உறுதிச்சீட்டு கேட்கும். ஆய்வாளரைவிட கொள்முதல் மேலாளர்தான் இந்தச் சட்டத்தின் காவலர்.

எச்சரிக்கை வாசகம் போதாதா, தடை எதற்கு? இதற்கு இரண்டு காரணங்கள். ஊட்டச்சத்து விவரச்சீட்டு தொடர்பான 1990ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மாநிலங்களின் கையைப் பல இடங்களில் கட்டியிருக்கிறது. சேர்மானத்தையே தடுப்பதில் அந்தக் கட்டு அவ்வளவு இறுக்கமில்லை. இரண்டாவது காரணம் கலிஃபோர்னியாவின் சொந்த அனுபவம். மக்கள் வாக்கெடுப்பில் 1986இல் நிறைவேறிய 65ஆம் முன்மொழிவு, புற்றுநோய் எச்சரிக்கைப் பலகைகளைக் கார் நிறுத்துமிடம் முதல் காபிக்கடை வரை தொங்கவிட்டது. எங்கும் இருக்கும் பலகையை யாரும் படிப்பதில்லை.

சட்டம் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற ஐயத்தையும் அந்த ஆண்டு வந்த ஒரு தீர்ப்பு ஓரளவு தணித்தது. கலிஃபோர்னியாவின் பன்றி இறைச்சி விதியை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்குச் சுமை என்று காட்டி மட்டும் இத்தகைய விதியை வீழ்த்திவிட முடியாது என்பது தெளிவாயிற்று. மூன்று கோடியே தொண்ணூறு லட்சம் பேர் வாழும் சந்தையை விட்டுவிடவும் எந்தக் கம்பெனியும் தயாரில்லை. ஒரு மாநிலத்துக்கென்று தனிச் சமையல்குறிப்பு வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. ஆகவே மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் குறித்த நாள் பாஸ்டனுக்கும் பொருந்திவிடுகிறது.

பிறகு நடந்ததைக் காலவரிசையில் பாருங்கள். 2024 ஜூலையில் உணவு, மருந்து நிர்வாகம் புரோமினேற்றிய எண்ணெய்க்கான அனுமதியை நாடு முழுவதும் ரத்து செய்தது. 2025 ஜனவரி 15 அன்று 3ஆம் எண் சாயத்தின் உணவு அனுமதியையும் நீக்கியது. உணவுத் தயாரிப்பாளர்களுக்கு அது தந்த கெடு 2027 ஜனவரி 15, அதாவது கலிஃபோர்னியாவின் நாளுக்குச் சரியாகப் பதினான்கு நாள் கழித்து. ஒன்றின் பின் ஒன்று வந்ததாலேயே ஒன்றால் மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாதுதான். சாயம் பற்றிய மனு 2022இலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எண்ணெய் பற்றி நிர்வாகமே ஆய்வும் நடத்தியது. ஆனாலும் பல பத்தாண்டுகள் உறங்கிய இரு கோப்புகள் நியூசமின் கையெழுத்துக்குப் பின் பதினாறு மாதத்துக்குள் அடுத்தடுத்து விழித்தது தற்செயல் என்று நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தேசிய மிட்டாய்த் தயாரிப்பாளர் சங்கத்தின் எதிர்ப்பில் ஒரு வலுவான இழை உண்டு: உணவுப் பாதுகாப்பை முடிவு செய்ய வேண்டியது விஞ்ஞானிகள் இருக்கும் மத்திய அமைப்புதான், அரசியல்வாதிகள் அல்ல என்பது. 3ஆம் எண் சாயம் ஆண் எலிகளில் கட்டி உண்டாக்கும் விதம் மனித உடலில் நிகழ்வதில்லை என்று நிர்வாகமே சொல்கிறது. அது சாயத்தை நீக்கியது டெலேனி விதியின் கட்டாயத்தால். ஆக, சட்டம் அறிவியலை முந்திவிட்டது என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை. மறு பாதியை அந்தச் சங்கம் பேசுவதில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓட்டை வழியே, ஒரு பொருள் பாதுகாப்பானது என்று கம்பெனியே முடிவு செய்து, நிர்வாகத்துக்குத் தகவல்கூடத் தராமல் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. விஞ்ஞானிகளிடம் போகாத பொருளுக்கு விஞ்ஞானிகளின் தீர்ப்பைக் காத்திருக்கச் சொல்வது எப்படி?

கேப்ரியலின் அடுத்த மசோதாக்கள் பள்ளிக்குள் நுழைந்தன. 2024இன் ஏ.பி. 2316 ஆறு செயற்கைச் சாயங்களை அரசுப் பள்ளி உணவிலிருந்து 2027 டிசம்பர் 31 முதல் விலக்குகிறது. 2025இன் ஏ.பி. 1264 மிகைப் பதப்படுத்திய உணவுக்குச் சட்ட வரையறை தந்து, அவற்றில் தீங்கானவற்றை 2029 தொடங்கி 2035 வரை படிப்படியாக அகற்றச் சொல்கிறது. நாள் குறிக்கும் முறையின் பலவீனம் இங்கே தெரிகிறது. இரண்டு தேர்தலுக்கு அப்பால் குறித்த நாளைத் தள்ளிப்போட வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

கட்சிக் கோடுகளுக்குள் இது அடங்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஜனநாயகக் கட்சிக்காரர் தொடங்கியதைக் குடியரசுக் கட்சி ஆளும் மேற்கு வர்ஜீனியா 2025 மார்ச்சில் பின்தொடர்ந்தது. அங்கே மாநிலம் முழுவதுக்குமான தடைக்குச் சட்டம் குறித்த நாள் 2028 ஜனவரி 1.

நம் பக்கத்துக் கதை தலைகீழ். இந்திய நாடாளுமன்றத்தில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் பதினான்கு, கடைசியானது 1970இல். மாநில அளவில் உணவுத் தடை சட்டமன்றத்திலிருந்து வருவதில்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அறிவிப்பிலிருந்து வருகிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு அதிகபட்சம் ஓராண்டுத் தடைக்கே அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் குட்கா தடை 2013 முதல் ஆண்டுதோறும் புதுப்பித்தே ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் அப்படிப் புதுப்பித்துக்கொண்டே போக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் பின்னர் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கலிஃபோர்னியாவில் சட்டம் குறிப்பது தடை தொடங்கும் நாளை. இங்கே அறிவிப்பு குறிப்பது தடை முடியும் நாளை. முதலாவதற்குத் தயாரிப்பாளர் சமையல்குறிப்பை மாற்றுவார், இரண்டாவதற்குக் காத்திருப்பார்.

டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் திரும்புகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2022இல் உணவிலிருந்து நீக்கிவிட்டது. அமெரிக்க ஸ்கிட்டில்ஸில் இனி அது இல்லை என்று மார்ஸ் நிறுவனம் 2025இல் அறிவித்தது. சட்டத்திலிருந்து தப்பிய பொருள் சட்டமில்லாமலே அந்த மிட்டாயிலிருந்து போய்விட்டது. குறிக்காத நாளுக்கும் நிழல் உண்டு போலிருக்கிறது. தடைப் பட்டியலில் இடம்பெற்ற பொட்டாசியம் புரோமேட்டுக்கோ மத்திய அளவில் இன்னும் நாள் வரவில்லை. இந்தியா அதை 2016இலேயே தடை செய்தது. ஆனால் 3ஆம் எண் சாயமான எரித்ரோசின், இந்திய விதிகள் அனுமதிக்கும் செயற்கை நிறங்களில் ஒன்று. ஆகவே நம் ஊர் பேக்கரி பன்னின் மாவில் புரோமேட் இருக்கக் கூடாது, மேலே பதித்த செர்ரியில் அந்தச் சிவப்பு இருக்கலாம். 2027 ஜனவரிக்குப் பிறகு, புரோமேட்டுக்குத் தடையில்லாத ஓர் அமெரிக்க மாநிலத்தில் அதே பன்னை வாங்கினால், செர்ரியில் கூடாது, மாவில் இருக்கலாம்.