வலென்சியா: அமெரிக்கக் கோப்பையும் கபன்யால் மீனவர் குடியிருப்பும்

அமெரிக்கக் கோப்பை என்பது 1851இல் தொடங்கிய பாய்மரப் படகுப் போட்டியாகும். கோப்பையை வென்ற அணியே அடுத்த போட்டி நடைபெறும் இடத்தைத் தெரிவு செய்யும். 2003இல் ஆக்லாந்தில் வென்ற அலிங்கி அணி, கடலே இல்லாத சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. ஆகவே கரையோர நகரங்களிடையே ஏலப்போட்டி மூண்டது. லிஸ்பன், நேப்பிள்ஸ், மார்சேய் ஆகியவற்றைப் பின்தள்ளி, அதே ஆண்டு நவம்பரில் ஸ்பெயினின் வலென்சியா தெரிவு செய்யப்பட்டது.

துறைமுகத்தின் மாற்றம்

நகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு ஆகிய மூன்றும் இணைந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. சரக்குக் கப்பல்கள் நின்ற பழைய உட்துறைமுகம் பந்தயப் படகுகளுக்கெனச் சீரமைக்கப்பட்டது. அங்கிருந்து நேரே கடலுக்குச் செல்லப் புதிய கால்வாய் வெட்டப்பட்டது. டேவிட் சிப்பர்ஃபீல்டும் ஃபெர்மின் வாஸ்கெஸும் வடிவமைத்த பார்வையாளர் மாளிகை 2006இல் எழுந்தது. 2007 கோடையில் அலிங்கி, நியூசிலாந்து அணியை 5-2 என்ற கணக்கில் வென்றது. பின்னர் 2008 முதல் 2012 வரை அதே துறைமுகத்தைச் சுற்றி ஃபார்முலா 1 கார்ப் பந்தயமும் நடத்தப்பட்டது.

இப்பணிகளுக்காக அரசுக் கடன் நிறுவனத்திடம் 300 மில்லியன் யூரோவுக்கும் மேல் கடன் பெறப்பட்டது. 2008இல் ஸ்பெயினின் கட்டுமானக் குமிழி உடைந்தது. எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. கடன் ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடந்து, இறுதியில் மத்திய அரசின் தலையில் விழுந்தது. செல்வந்தர்களின் விளையாட்டுக்கான செலவைப் பொதுமக்களே சுமந்தனர்.

பக்கத்தில் இருந்தவர்கள்

துறைமுகத்தை ஒட்டியே கபன்யால் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி தனி ஊராட்சியாக இருந்து, 1897இல் நகருடன் இணைக்கப்பட்ட மீனவர் குடியிருப்பு அது. பழைய ஓலைக் குடிசைகளின் வரிசையைப் பின்பற்றி, அதன் தெருக்கள் கடலுக்கு இணையாக ஓடுகின்றன. வண்ண ஓடு பதித்த அதன் வீட்டு முகப்புகளுக்காக 1993இல் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. மீனவர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோரின் வழித்தோன்றல்களுடன் ரோமா மக்களும் இங்கு வாழ்கின்றனர். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புலம்பெயர்ந்தோரின் வழிவந்தவர்கள் ரோமா மக்கள். 'ரோம்' என்னும் பெயரை, இந்தியாவில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட 'டோம்' சாதிப் பெயரோடு மொழியியலாளர் தொடர்புபடுத்துவர்.

பிளாஸ்கோ இபான்யெஸ் பெருஞ்சாலையை இக்குடியிருப்பின் நடுவே கடல்வரை நீட்டும் திட்டத்தை மேயர் ரீட்டா பார்பேராவின் நிர்வாகம் முன்வைத்தது. சுமார் 1,650 வீடுகள் இடிபடவிருந்தன. இத்திட்டம் போட்டிக்கு முன்பே, 2001இல் ஒப்புதல் பெற்றது. எனவே போட்டியே அதைப் பிறப்பித்தது எனல் சரியன்று. ஆனால் அருகே உருவான புதிய துறைமுகம், 'நகரைக் கடலுடன் இணைப்போம்' என்ற முழக்கத்துக்கு வலுச் சேர்த்தது. ஏற்கெனவே கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் அந்த 'நகரம்' என்ற சொல்லுக்குள் இடம்பெறவில்லை.

இடிப்பதற்கு முன்பே சிதைவு தொடங்கியது. நகராட்சி நிறுவனம் வீடுகளை வாங்கிப் பூட்டியது, சிலவற்றை இடித்தது. பழுதுபார்க்கும் அனுமதிகள் மறுக்கப்பட்டன. அவ்வாறு உண்டாக்கப்பட்ட பாழே, 'இப்பகுதி சீரழிந்துவிட்டது' என்ற வாதத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. வறிய குடியிருப்புகளை அகற்றும் நடைமுறையில் இது உலகெங்கும் பழகிய வழி.

எதிர்ப்பும் அதன் விளைவும்

'கபன்யாலைக் காப்போம்' இயக்கம் 1998 முதல் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடியது. குடியிருப்போர் தம் வீடுகளையே கலைக்காட்சிக் கூடங்களாகத் திறந்துவைத்தனர். 2009 இறுதியில், இத்திட்டம் பண்பாட்டுச் சொத்தைச் சூறையாடுவதாகும் என மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் அறிவித்தது. 2015இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது.

எனினும் வெற்றி முழுமையானதன்று. இடிப்பிலிருந்து தப்பிய குடியிருப்பில் இன்று சுற்றுலா விடுதிகள் பெருகுகின்றன, வாடகை உயர்கிறது. இயந்திரத்தால் வெளியேற்ற இயலாதவர்களைச் சந்தை வெளியேற்றுகிறது.

2024இல் பார்சிலோனாவில் இதே போட்டி நடந்தபோது, குடியிருப்போர் வாடகை உயர்வை முன்வைத்து எதிர்த்தனர். அடுத்த போட்டி 2027இல் நேப்பிள்ஸில் நடைபெறவுள்ளது. நிலம் யாருக்கு, கடன் யாருக்கு என்ற வினாவுக்குப் போட்டி முடிந்த பிறகன்று, ஒப்பந்தம் எழுதும்போதே விடை வேண்டும் என்பதே வலென்சியா தரும் படிப்பினை.