தள்ளிப்போன சந்தோஷ் டிராபி

இங்கே துபாயில் வளரும் நம்ம பிள்ளைகளுக்கு ஐ.எஸ்.எல். தெரியும், சந்தோஷ் டிராபி தெரியாது. 1941-இல் தொடங்கிய, மாநிலங்களுக்கு இடையிலான தேசியக் கால்பந்துப் போட்டி அது. சித்தூர்க்காரர்களான எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், துணி எடுக்கக் கோயமுத்தூர். ஆனால் சந்தோஷ் டிராபி வந்துவிட்டால் சந்தேகமே கிடையாது, கேரளாதான் நம்ம டீம். 1992-இல் வி.பி. சத்யன் தலைமையில் கோவாவை 3-0 என்று அடித்துக் கேரளா கோப்பையைத் தூக்கியதும் அதே கோயமுத்தூரில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் போட்டியைக் கொரோனா படுத்திய பாடு கொஞ்சமல்ல. 2020-இல் மிசோரமில் நடக்கவேண்டிய கடைசிச் சுற்று ஏப்ரலுக்குத் தள்ளிப்போய், அப்புறம் நடக்கவே இல்லை. அடுத்த சீசனும் போச்சு. 2021-22 கடைசிச் சுற்று மலப்புரத்துக்குக் கிடைத்தது. 2022 பிப்ரவரி 20-இல் தொடக்கம் என்றார்கள். ஜனவரியில் மூன்றாம் அலை. மறுபடியும் தள்ளிவைப்பு, ஏப்ரல் 16-க்கு.

ஸ்பெயினிலும் ஒரு கதை உண்டு. 2020 கோபா டெல் ரே ஃபைனலுக்கு வந்த அத்லெடிக் பில்பாவோ, ரியல் சோசியதாத் இரண்டுமே பாஸ்க் நாட்டு அணிகள். ரசிகர்கள் இல்லாமல் ஆடமாட்டோம், காத்திருக்கிறோம் என்றார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்து 2021 ஏப்ரல் 3-இல் ஆடியபோதும் காலி ஸ்டேடியம்தான். பாவம்!

மலப்புரத்துக்கு அந்தக் கதி வரவில்லை. ஏப்ரல் என்றால் ரம்ஜான் மாதம், நோன்பு நேரத்தில் யார் வருவார்கள் என்று கேட்கத் தோன்றும். நோன்பு திறந்துவிட்டு ராத்திரி 8 மணி ஆட்டத்துக்கு மஞ்சேரி பையநாடு ஸ்டேடியத்தில் ஜனம் நிரம்பி வழிந்தது. பிப்ரவரியிலேயே நடத்தியிருந்தால் இத்தனை பேரை உள்ளே விட்டிருப்பார்களா? அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் ஒருவரே ஐந்து கோல். கர்நாடகம் 7-3 என்று காலி.

மே 2, ஃபைனல். எதிரே அதுவரை 32 முறை கோப்பையை வென்றிருந்த பெங்கால். கூடுதல் நேரத்தில், 97-ஆம் நிமிடம் அவர்கள் கோல் போட்டார்கள். ஆறு வாரத்துக்கு முன்புதான் ஐ.எஸ்.எல். ஃபைனலில் பிளாஸ்டர்ஸ் 1-1 என்று முடித்து, பெனால்டியில் ஹைதராபாத்திடம் தோற்றிருந்தது. மறுபடியுமா என்று வயிற்றைக் கலக்கியது. கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கேரளா சமன் செய்தது. பெனால்டியில் 5-4. ஏழாவது கோப்பை!

கேப்டன் ஜிஜோ ஜோசப் ஸ்டேட் பாங்க் ஊழியர். (பாங்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப் பெருமை, கண்டுகொள்ளாதீர்கள்.) எங்களுக்கு இங்கே அன்றைக்கே பெருநாள், மலப்புரத்தில் மறுநாள்.

2024 டிசம்பர் 31-இல் ஹைதராபாத்தில் பெங்கால் 1-0 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.