ஒலியில்லாப் புரை: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் விழுங்கலும் நுரையீரலும்

1. முன்னுரை

குழந்தைக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்பது நம் வீட்டு வழக்கம். புரையேறினால் இருமல் வரும் என்ற நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலரிடம் அது பொய்த்துப்போகிறது. பால் மூச்சுக்குழாயில் இறங்கியும் இருமல் எழாத இந்த ஒலியில்லாப் புரையை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மூலக்காரணம்

மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866இல் டவுன் சிண்ட்ரோமை விவரித்தார். 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே காரணம் என்பது 1959இல் வெளியானது. உடலெங்கும் காணும் தசைத்தளர்வு இதன் முதன்மை அடையாளங்களுள் ஒன்று. விழுங்கல் சிக்கலின் வேரும் பெரும்பாலும் அங்கேதான்.

3. விழுங்கல்

3.1 வாய்: வாயறை சிறியது, நாக்கு முன்தள்ளி நிற்கும், உதடுகளின் பிடி தளர்வு. உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் முறைவைத்து நடக்க வேண்டும். அந்தத் தாளம் தப்பினால் பால் காற்றுவழிக்குள் நுழையும்.

3.2 தொண்டை: குரல்வளையின் உணர்வு மந்தமானால், நுழைந்ததை வெளியே தள்ளும் இருமல் பிறப்பதில்லை.

3.3 எதுக்களிப்பு: இரைப்பையிலிருந்து மேலேறும் பாலும் அமிலமும் காற்றுவழிக்குள் இறங்கக்கூடும்.

4. நுரையீரல்

இக்குழந்தைகளின் நுரையீரலில் காற்று நுண்ணறைகள் குறைவு. மூச்சுக்குழாய் மென்மையாக இருந்தால் சளி எளிதில் வெளியேறாது. நோய் எதிர்ப்பாற்றலும் குறைவு. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. அதனால் நுரையீரல் ரத்த அழுத்தம் உயரக்கூடும். மற்றக் குழந்தை தாங்கிக்கொள்ளும் சிறு பால் கசிவு இங்கே நிமோனியாவாக முற்றுவது இவற்றால்தான்.

5. கண்டறிதல்

பால் குடிக்கையில் கண் கலங்குதல், குடித்தபின் மூச்சு கரகரத்தல், ஒரு வேளைப் பாலுக்கு வெகுநேரம் பிடித்தல், எடை ஏறாமை, அடிக்கடி நெஞ்சுச்சளி ஆகியவை எச்சரிக்கைகள். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, எக்ஸ்ரேயில் அதன் போக்கை அசைபடமாகப் பார்க்கும் சோதனை ஒலியில்லாப் புரையைக் கண்ணுக்குக் காட்டிவிடும்.

6. பராமரிப்பு

நிமிர்த்திப் பிடித்து ஊட்டுவதும், பால் மெதுவாக வரும் காம்பும் பலருக்கு உதவும். பாலைக் கெட்டியாக்குவது மருத்துவர் சொல்லாமல் கூடாது. குறைமாதக் குழந்தைகளின் குடலுக்குச் சில கெட்டிப்பொடிகள் ஆபத்தானவை. பாதுகாப்பாக விழுங்க முடியாதபோது சிலகாலம் குழாய்வழி உணவு தேவைப்படும். நிமோகாக்கஸ், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகளைத் தள்ளிப்போடலாகாது.

7. முடிவுரை

இருமல் இல்லை என்பது விழுங்கல் சரி என்பதற்குச் சான்றாகாது. நிமோனியா திரும்பத் திரும்ப வரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி மருத்துவமே. நெஞ்சைப் படமெடுக்கும் கையோடு விழுங்கலையும் சோதிக்க வேண்டும்.